வன்னி வயிறு மதுசன்

மதுசன் சாப்பிடுகிற வீடியோக்களை விட மதுசன் அடி வாங்குகிற வீடியோக்களைத்தான் சனம் கூடப் பார்த்தது. பெரிய தாம்பாளத்தில் புட்டைக் குவித்து, மேலே கணவாய்க் கறியை ஊற்றி வைத்துவிட்டு, கோகுலன் கையில் மணிக்கூட்டோடு "தொடங்கு மச்சான்" என்பான். நேரத்துக்குள் முடித்தால் கைதட்டு. முடிக்காவிட்டால் தண்டனை. ஆரம்பத்தில் தண்டனை நனைந்த துவாயால் முதுகில் ஒரு அடியாக இருந்தது. பிறகு இடுப்புப் பட்டி வந்தது. அதற்கும் பிறகு பச்சைத் தென்னம் மட்டை. மட்டை விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று கோகுலன் ஒரு சின்ன மைக்கை மதுசனின் காற்சட்டை இடுப்பில் கொழுவிவிடுவான்.

அந்த யூடியூப் சேனலின் பெயர் 'வன்னி வயிறு'. கனடாவில் இருந்தும் சுவிசில் இருந்தும் ஆட்கள் பார்த்தார்கள். வவுனியாவில் கடை திறக்க மதுசனைக் கூப்பிட்டார்கள். ஏ9 வீதியில் ஒரு கொத்துரொட்டிக் கடையின் வாசலில் அவனுடைய படம் ஆள் உயரத்துக்கு நின்றது. கன்னம் இரண்டும் உப்பி, வாயில் கோழிக்கால், கண் பிதுங்கி. அந்தக் கன்னம் ஏன் அப்படி உப்பியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கொழுப்பு என்றுதான் நினைத்தார்கள்.

மதுசனின் தகப்பன் பழனியாண்டி. பழனியாண்டியின் ஆட்கள் எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கனகராயன்குளத்துக்கு உள்ளே காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். சொந்தமாக வயல் கிடைக்கவில்லை. கோகுலனின் தகப்பன் பாலனின் வயலில்தான் வேலை. பாலனின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து குளத்துக்குக் கீழே காணி எடுத்த குடும்பம். பாலனைப் பழனியாண்டி "ஐயா" என்பார். பாலனின் மகன் கோகுலன் பழனியாண்டியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். மதுசன் கோகுலனை வீடியோவில் "மச்சான்" என்பான், கமரா நின்றதும் "கோகுலண்ணை" என்பான்.

சண்டையின் கடைசி மாதங்களில் மதுசனுக்கு ஒன்பது வயது. கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது செல் குண்டு விழுந்து தாய் வடிவம்மா அந்த இடத்திலேயே செத்துப்போனாள். அக்கா கஜேந்தினியும் மதுசனும் தகப்பனோடு முகாமுக்குப் போய், அங்கிருந்து ஊருக்குத் திரும்பி வந்தார்கள். வந்த பிறகு பழனியாண்டிக்குச் சோறு ஒரு பைத்தியமாகிவிட்டது. தட்டில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் அடி. ஒருநாள் மதுசன் காய்ச்சலில் சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளினான். பழனியாண்டி அவனுடைய பிடரியைப் பிடித்து முகத்தைத் தட்டோடு அமத்தினார். தட்டின் விளிம்பு புருவத்தை வெட்டியது. இரத்தம் சொட்டின சோற்றை அவன் அழுதுகொண்டே தின்று முடிக்கும் மட்டும் அவர் கையை எடுக்கவில்லை.

"ஒங்காத்தா எதுக்குடா செத்தா?" என்று கேட்டுக் கேட்டு அடிப்பார். 

அடிக்குப் பயந்து மதுசன் கெதியாகச் சாப்பிடப் பழகினான். பிறகு நிறையச் சாப்பிடவும் பழகினான். பள்ளிக்கூடத்தை விட்டுத் தகப்பனோடு வயலுக்குப் போகத் தொடங்கிய காலத்தில் ஆள் பெரிய உடம்பு. அந்த வருசப் பிறப்பு விளையாட்டுப் போட்டியில் பணிஸ் தின்கிற போட்டிக்கு ஆரோ அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். கையைப் பின்னால் கட்டிவிட்டு, கயிற்றில் தொங்குகிற பேக்கரிப் பணிசை வாயால் கவ்வித் தின்ன வேண்டும். மதுசன் தன்னுடையதை முடித்துவிட்டு, பக்கத்தில் நின்றவனுடையதையும், அதற்கு அங்காலே தொங்கினதையும் தின்றுகொண்டே போனான். மைதானம் முழுக்க எழும்பி நின்று கத்தியது. அவனைப் பார்த்துச் சனம் சந்தோசப்பட்டது அதுதான் முதல் தடவை. கோகுலன் அதைப் போனில் பிடித்துப் போட்டான். சேனல் அப்படித்தான் தொடங்கியது.

சத்தி எடுத்தது முதலில் தற்செயலாகத்தான். ஒரு மலை இடியப்பம் தின்ற நாளில் வேலிக்குப் பின்னால் போய்க் குனிந்தான், எல்லாம் வாயால் வெளியே வந்துவிட்டது. வயிறு வெறுமையானதும் உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது என்று பிறகு அக்காவிடம் சொல்லியிருக்கிறான். அந்த இரவு வீடியோவுக்குக் கீழே வந்திருந்த கருத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தான். பன்றிப் படம் போட்டுப் பண்டி என்று எழுதியிருந்தார்கள். தோட்டக்காட்டுப் பண்டி என்றும் எழுதியிருந்தார்கள். இதை ஆர் கலியாணம் கட்டும், கட்டில் தாங்குமா என்று பெண் பிள்ளைகள் சிரித்து எழுதியிருந்தார்கள். அடுத்த வீடியோ முடிந்ததும் அவன் தானாகவே வேலிக்குப் பின்னால் போனான்.

அதற்குப் பிறகு நிற்பாட்ட முடியவில்லை. வீடியோ இல்லாத நாட்களில் பட்டினி கிடப்பான். பின்னேரம் ஆனதும் பிசாசு பிடித்த மாதிரி ஒரு பசி வரும். குசினியில் கிடக்கிற பாண் துண்டுகளையும் சீனியையும், அவிக்காத மாவையும் கூட அள்ளி அள்ளி வாயில் போடுவான். ருசி தெரியாது. விழுங்கும்போதே அவமானமாக இருக்கும். பிறகு குளத்துக் கட்டுக்கு அங்கால போய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வருவான். கன்னம் வீங்கியது, குரல் கரகரத்தது. பல்லின் முனைகள் கண்ணாடித் துண்டு மாதிரி மெலிந்து உடைந்தன. தண்ணீர் குடித்தாலே பல் கூசியது.

பேர் வந்ததோடு ஊரில் எல்லாருடைய கையும் அவன் மேல் பட ஆரம்பித்தது. வீடியோவில் அடி வாங்குகிறவன் தானே என்று, வீதியில் கண்டவர்களும் அடித்தார்கள். வவுனியா பஸ் நிலையத்தில் நாலைந்து பெடியள் அவனைச் சுற்றி நின்று, ஒருவன் போனைப் பிடிக்க, மற்றவர்கள் பிடரியில் பொத்திப் பொத்தி அடித்தார்கள். "சிரி அண்ணை, சிரி" என்றார்கள். மதுசன் சிரித்தான். ஒருவன் அவனுடைய வயிற்றைக் கையால் கொத்தாகப் பிடித்து முறுக்கினான். அதற்கும் சிரித்தான். பஸ்ஸில் ஏறி இருந்து சேட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்தது.

கஜேந்தினி ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். விடிய முன் பஸ்ஸுக்குப் போய், இருட்டின பிறகு வருவாள். அவள்தான் முதலில் மணத்தைக் கண்டுபிடித்தாள். கக்கூசிலும் கொல்லைப் பக்கத்திலும் புளித்த மணம். தம்பி குடிக்கிறான் என்று நினைத்துத் தகப்பனிடம் சொன்னாள். பழனியாண்டி மண்வெட்டிப் பிடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். மதுசன் ஓடவில்லை, மறுத்துப் பேசவும் இல்லை. குடிகாரன் என்கிற பேரோடு அடி வாங்குவது அவனுக்குச் சுகமாக இருந்தது. தின்றதை எடுக்கிறேன் என்று இந்த மனிசனிடம் எப்படிச் சொல்வது? பிடி முறியும் மட்டும் அடித்துவிட்டுப் பழனியாண்டி முற்றத்தில் குந்தி இருந்து மூச்சு வாங்கினார். அந்த அடியில் மதுசனின் இடது கைச் சின்ன விரல் முறிந்தது. அது வளைந்தபடியே பொருந்திப்போனது.

உண்மையைக் கண்டவன் கோகுலன்தான். ஒருநாள் வீடியோ முடிந்து மதுசன் மறைந்த பக்கம் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டான். மதுசன் வாயைத் துடைத்துக்கொண்டு எழும்பி நின்றான். இனி எல்லாம் முடிந்தது என்றே நினைத்தான். முடிந்தால் நல்லது என்றும் நினைத்தான். கோகுலன் கிட்ட வந்தான். பிறகு முதுகில் தட்டினான்.

"அப்ப இன்னும் கூடத் தின்னலாம் என்ன," என்றான். "ஒருத்தருக்கும் சொல்லாத."

அதற்குப் பிறகு ஒரே நாளில் காலையிலும் பின்னேரமும் வீடியோ எடுத்தார்கள். தாம்பாளம் பெரிதானது. அவ்வளவையும் நேரத்துக்குள் முடிப்பது மனிசனால் ஏலாத காரியம் என்பதால் தண்டனையும் தவறாமல் வந்தது. மட்டையின் ஓரம் தோலைக் கிழித்தது. ஒருமுறை மதுசன் வலியில் மூத்திரம் போய்விட்டான். கோகுலன் அதை வெட்டாமல் போட்டான். அந்த வீடியோவை லட்சக்கணக்கில் பார்த்தார்கள்.

பிறகு ஒருநாள் மதுசன் போனை உருட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு வெளிநாட்டுப் பாட்டுக்காரி மேடையில் நின்று பேசுகிற துண்டு ஒன்று வந்தது. கீழே தமிழில் எழுத்து ஓடியது. தான் பல வருசமாகத் தின்று தின்று சத்தி எடுத்ததாகவும், அது ஒரு வருத்தம், ஒரு நோய் என்றும், அதற்குப் பேர் இருக்கிறது என்றும் அவள் சொன்னாள். முன்னால் இருந்த கூட்டம் எழும்பி நின்று கைதட்டியது. சிலர் அழுதார்கள். மதுசன் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். பிறகு தேடினான். நடிகைகள், விளையாட்டுக்காரர்கள், அரச குடும்பத்து ஆட்கள் என்று எத்தனையோ பேர் வாய் திறந்து சொல்லியிருந்தார்கள். ஆம்பிளைகளும் சொல்லியிருந்தார்கள். அன்றுதான் அக்காவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான். கஜேந்தினி அவனுடைய வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தாள். பிறகு தான் தகப்பனிடம் போய்ச் சொன்னதை நினைத்து அழுதாள். ஆஸ்பத்திரிக்குப் போவம் என்றாள்.

"முதல் சனத்துக்குச் சொல்லுறன் அக்கா," என்றான். "பாக்கிற ஆக்கள் தானே. விளங்கிக்கொள்ளுவினம்."

வந்த சித்திரை வருசப் பிறப்புக்கு மைதானத்தில் 'வன்னி வயிறு' நேரலை நடக்கும் என்று கோகுலன் பெரிய பதாகை அடித்திருந்தான். வேப்பமரத்துக்குக் கீழே அடுப்பு மூட்டி, கிடாரத்தில் கோழிக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலைக்குப் பாலன் பழனியாண்டியைத்தான் பிடித்திருந்தார். மேடையில் மேசை, மேசையில் புட்டு. சுற்றிவரப் பிளாஸ்டிக் கதிரைகளில் சனம்.

பாதிப் புட்டு முடிந்த நேரம் மதுசன் கையை உதறிவிட்டு எழும்பினான். மேசையில் இருந்த மைக்கை எடுத்தான்.

"எனக்கு ஒரு வருத்தம்," என்றான். "நான் தின்னுறது எல்லாத்தையும் பிறகு சத்தி எடுக்கிறனான். கன வருசமா. என்னால நிப்பாட்ட ஏலாமக் கிடக்கு."

சனம் சிரித்தது. அவன் நடிக்கிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டவும் செய்தார்கள், ஆனால் அது அந்தப் பாட்டுக்காரிக்குக் கிடைத்த கைதட்டு இல்லை. போனில் ஓடின கருத்துகளில் சிரிக்கிற முகங்கள் வரிசையாக விழுந்தன. கோகுலன் மைக்கைப் பறித்து, "நேரம் போக்கிறதுக்குத் தண்டனை" என்று கத்தினான். மட்டையை ஓங்கி முதுகில் போட்டான். சனம் இன்னும் சிரித்தது. இரண்டாம் அடி தோளில் விழுந்தது. கோகுலன் கிட்டக் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இரடா நாயே, தின்னு என்றான். மதுசன் அசையவில்லை. கோகுலன் அவனுடைய தலைமயிரைப் பிடித்து இழுத்து இருத்தி, ஒரு கை புட்டை அள்ளி வாய்க்குள் அடைத்தான். மதுசன் திமிறினான். கோகுலன் இன்னொரு பிடியை அடைத்தான். விரல்கள் தொண்டை மட்டும் போயின.

மேசையில் கறி அள்ளுகிற இரும்பு அகப்பை கிடந்தது. மதுசன் அதை எடுத்து ஓங்கி அடித்தான். கோகுலனின் கன்ன எலும்பு உடைந்த சத்தம் மைக்கில் கேட்டது. கோகுலன் முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தான். மதுசன் நிற்பாட்டவில்லை, விழுந்தவனின் மேல் ஏறி நின்று இன்னொரு முறை அடித்தான், இன்னொரு முறையும் அடித்தான். கோகுலனின் சித்தப்பா மகன் தர்ஷனும் அவனுடைய கூட்டாளிகளும் மேடையில் பாய்ந்தார்கள். கதிரைகளைத் தூக்கி மதுசனின் தலையிலும் நெஞ்சிலும் அடித்தார்கள். கதிரைக் கால்கள் முறிந்து தெறித்தன. கீழே விழுந்தவனை வயிற்றில் உதைத்தார்கள். மதுசன் சுருண்டு கிடந்து சத்தி எடுத்தான். முதலில் புட்டு வந்தது. பிறகு இரத்தம் வந்தது. கொஞ்சமாக இல்லை, குடத்தைக் கவிழ்த்த மாதிரி வந்தது.

சனம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. பீற்றூட் தண்ணி என்று ஒருவன் சொன்னானாம்.

பழனியாண்டி அடுப்புக்குள்ளிருந்து எரிகிற கொள்ளிக்கட்டையை இழுத்துக்கொண்டு மேடைக்கு வந்தார்.  முன்னால் நின்ற தர்ஷனின் கழுத்தோடு கட்டையைச் சேர்த்து அடித்தார். சேட்டு பற்றிக்கொண்டது. தர்ஷன் கத்திக்கொண்டு உருண்டான். மற்றவர்கள் விலகினார்கள். பழனியாண்டி மகனுக்கு மேலே காலை அகட்டி நின்றுகொண்டு, கட்டையைச் சுழற்றியபடியே, பொலிஸ் வரும் மட்டும் ஒருவரையும் கிட்ட விடவில்லை. அக்கா கஜேந்தினி கூட அவருடைய காலுக்கு இடையால் ஊர்ந்து போய்த்தான் தம்பியின் தலையைத் தூக்கினாள்.

ஆஸ்பத்திரியில் மதுசனின் உணவுக் குழாயின் அடியில் கிழிசல் இருந்ததாகக் கண்டார்கள். உதையால் வந்தது இல்லை, வருசக்கணக்காகச் சத்தி எடுத்துப் பலவீனமாகி இருந்தது அன்று கிழிந்திருக்கிறது என்று டொக்டர் அம்மா சொன்னார். இரத்தம் ஏற்றினார்கள். அவன் கண் திறந்த நாளில், பழனியாண்டியையும் ஒரு கான்ஸ்டபிள் கூட்டிக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் நிறுத்தியிருந்தார். டொக்டர் அம்மா ஆறுதலாகத்தான் பேசினார். இதற்குப் பேர் புலிமியா, இது வருத்தம்தான், மாற்றலாம் என்றார்.

பழனியாண்டியின் முகம் வெளிறிப்போனது. கான்ஸ்டபிளைப் பார்த்தார். டொக்டரைப் பார்த்துக் கை கூப்பினார்.

"அம்மா, அந்தப் பேர எழுதாதீங்கம்மா. அந்த நேரம் இவன் சின்னப் புள்ள. எங்க ஊட்ல யாரும் இயக்கத்துல இருக்கல."

டொக்டருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அது இங்கிலீசுப் பேர் ஐயா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்று அவர் சொன்னார். பழனியாண்டி நம்பினாரா என்று தெரியாது. அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிறகு டொக்டர் மதுசனிடம் தாய் செத்த கதையைக் கேட்டார். பட்டினியைப் பற்றிக் கேட்டார். சண்டைதான் இதற்கு வேர் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மதுசன் தொண்டை நோவோடு மெல்லமாகப் பதில் சொன்னான்.

"எல்லாத்துக்கும் சண்டையைச் சொல்லாதேங்கோ, டொக்டர். என்னைப் பண்டி எண்டு எழுதினவங்கள் சண்டையைக் கண்ணால காணாத பெடியள்."

தர்ஷனின் கழுத்தும் தோளும் நன்றாக வெந்துவிட்டன. பழனியாண்டி மறியலில், கம்பிக்குள்ளே இருந்தார். மதுசன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு கோகுலன் வந்தான். கன்னத்துக்குள் தகடு வைத்து, முகம் ஒரு பக்கம் வீங்கி, பேச்சுக் குழறியது. சண்டை வீடியோவை அவனே சோகப் பாட்டுப் போட்டு ஏற்றியிருந்தான். இதுவரை வந்த எல்லாவற்றையும் விட அதைத்தான் கூடப் பார்த்திருந்தார்கள். இப்போது சமாதானம் ஆகிற வீடியோ ஒன்று வேண்டும் என்றான். இரண்டு பேரும் ஒரே தாம்பாளத்தில் இருந்து சாப்பிட வேண்டும். அதைச் செய்தால் தர்ஷனைக் கொண்டு முறைப்பாட்டை வாபஸ் வாங்க வைக்கிறேன், பழனியாண்டி வீட்டுக்கு வரலாம் என்றான்.

மதுசன் மாட்டேன் என்றான்.

கஜேந்தினி கோகுலனை வெளியில் நிற்கச் சொல்லிவிட்டுத் தம்பியிடம் மன்றாடினாள். ஒரே ஒரு முறை, ஒரு தட்டு, அப்பாவுக்காக என்றாள். அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினபடி நின்றான். அவள் அவனுடைய கன்னத்தில் அறைந்தாள். பிறகு மற்றக் கன்னத்திலும் அறைந்தாள். ஊரில் எல்லாரும் அவனை அடித்திருக்கிறார்கள், அவள் அடித்தது அதுதான் முதல் முறை. அடுத்த நாள் மறியலுக்குப் போய்த் தகப்பனிடம் சொன்னபோது அவரும் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, ஒரு தட்டுச் சோறு தின்ன என்னடா நோவு என்று சொல்லச் சொன்னாராம். அவள் வந்து அதை அப்படியே சொன்னாள். மதுசன் வெளியே போய், பதில் கேட்கத் திரும்பவும் வந்து வாசல் படலைக்குப் பக்கத்தில் நின்ற கோகுலனைச் சட்டையோடு பிடித்துத் தள்ளினான். கோகுலன் அடிக்குப் பயந்து, வீங்கின கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பின்னால் நடந்தான்.

"அங்க மேடையில நான் சொன்னது பொய்யில்லை எண்டு வீடியோவில சொல்லு," என்றான் மதுசன். "தெரிஞ்சுகொண்டுதான் தின்ன வைச்சனான் எண்டும் சொல்லு. பிறகு வாறன்."

கோகுலன் அப்படி ஒரு வீடியோ போடவில்லை. வழக்கு நடந்தது. பழனியாண்டிக்குச் சிறை கிடைத்தது. கஜேந்தினி பல நாள் தம்பியோடு கதைக்கவில்லை. ஆனால் டொக்டர் சொன்னபடி, அவன் சாப்பிட்டு முடித்ததும் அவனைத் தனியே விடாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். பகலில் இருக்க ஆளில்லை. பகலில் அவன் தோற்ற நாட்களும் உண்டு. ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு மாதாமாதம் போனான். நெல்லு வெட்டு மெசினோடு வேலைக்குச் சேர்ந்தான். கூட வேலை செய்த ஒருவன் அவன் சாப்பிடுவதைப் போனில் பிடித்தபோது, எழும்பிப் போய்ப் போனைப் பறித்து வாய்க்காலுக்குள் எறிந்தான். அன்று வரப்பில் இரண்டு பேரும் கட்டிப் புரண்டு சேறாகிப் போனார்கள்.

அடுத்த வருசம் புரட்டாதி முடிகிற நேரம் பழனியாண்டி வெளியே வந்தார். மெலிந்திருந்தார். தாடி நரைத்திருந்தது. கஜேந்தினி சோறும் பருப்பும் கருவாட்டுப் பொரியலும் போட்டுக் கொடுத்தாள். மூன்று பேரும் குசினி நிலத்தில் இருந்து சாப்பிட்டார்கள். மதுசன் பாதியில் கையை எடுத்தான். தட்டில் சோறு கிடந்தது.

பழனியாண்டியின் கை எழும்பியது. காதோடு சேர்த்து அறைகிற பழைய உயரத்துக்கு எழும்பியது. மதுசன் விலகவில்லை.

"அடிச்சா நானும் அடிப்பன், அப்பா," என்றான்.

கஜேந்தினி இரண்டு பேருக்கும் நடுவில் கரண்டியோடு நின்றாள். பழனியாண்டி கையை இறக்கினார். மகனின் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். அந்த மிச்சச் சோற்றைக் குழைத்து, ஒரு பருக்கை விடாமல் தின்றார். தின்னும்போது அவருடைய தோள் குலுங்கியது. அது கோபமா அழுகையா என்று பிள்ளைகள் கேட்கவில்லை. மதுசன் கை கழுவிக்கொண்டு வந்து, அக்காவுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து இருந்தான். வெளியே போகவில்லை.